பாய்மரக் கடற்போர் ஒன்றைப் பதிவேடுகளிலிருந்து வரைபடத்துக்குக் கொண்டுவருதல்: நாகப்பட்டினம் 1782 வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

பாய்மரப் போர்க்கப்பல்களின் காலத்தில் நடந்த ஒரு கடற்போரை, அதில் கலந்துகொண்ட கப்பல்களின் பதிவேடுகளையும் தளபதிகளின் கடிதங்களையும் கொண்டு, மணிக்கு மணி வரைபடத்தில் மீட்டமைப்பது எப்படி என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டாக 1782 ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு அப்பால் பிரிட்டிஷ் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரேனும் மோதிய போரை எடுத்துக்கொள்கிறேன். அவ்விருவரும் 1782 பிப்ரவரி முதல் 1783 ஜூன் வரை சோழமண்டலக் கரையிலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் ஐந்து முறை மோதினார்கள். அவற்றுள் காற்று, நேரம், சைகை, சேதம் ஆகிய எல்லாச் சிக்கல்களும் ஒரே நாளில் கூடிவருவது நாகப்பட்டினப் போரில்தான். புதிதாக இந்த வேலையில் இறங்குவோர் பெரும்பாலும் தளபதியின் திறமையை எடைபோடுவதிலிருந்து தொடங்குகிறார்கள். அது ஒன்பதாவது படி. அதற்கு முன்னுள்ள எட்டும் முடியாமல் அதில் கைவைக்க வேண்டாம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பிரிட்டிஷ் தரப்புக்கு, லண்டனை அடுத்த கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.டி.எம். 51 என்ற வரிசையில் கேப்டன்களின் பதிவேடுகளும், ஏ.டி.எம். 52 வரிசையில் கப்பலைச் செலுத்தும் பொறுப்பிலிருந்த மாஸ்டர்களின் பதிவேடுகளும், ஏ.டி.எம். 1 வரிசையில் கடிதங்களும் உள்ளன. பிரெஞ்சுத் தரப்புக்குப் பாரிஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் கடற்படைத் தொகுப்பில் பி4 என்ற வரிசை கடற்பயணங்களுக்கு உரியது. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆவணங்கள் இருக்கின்றன. கப்பல்களுக்கு நீரும் உணவும் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு அவை உதவும்.

ஒரே கப்பலின் கேப்டன் பதிவேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நிறுத்திவிடக் கூடாது. கேப்டன் தம் மேலதிகாரிகள் படிப்பார்கள் என்ற நினைவோடு எழுதுகிறார். மாஸ்டரோ காற்றையும் ஆழத்தையும் செல்திசையையும் பதிவதைத் தம் தொழிலாகக் கொண்டவர். இரண்டும் முரண்படும் இடங்களில் காற்று பற்றி மாஸ்டரையே நான் நம்புவேன்.

பொருள்களாக வேண்டியவை குறைவு. கரையின் அளவுப்படம், அதன் மேல் விரிக்க ஒளி ஊடுருவும் தாள்கள் பத்து, இரண்டு நிறப் பென்சில்கள், கோணமானி, கெட்டி அட்டை. கணினியில் நேரடியாகத் தொடங்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். திரையில் கோடு இழுப்பது மிக எளிதாக இருப்பதால், காற்று அனுமதிக்காத கோட்டையும் கை தயங்காமல் இழுத்துவிடுகிறது.

2. நாளையும் நேரத்தையும் முதலில் சரிசெய்யுங்கள்

இந்தப் படியில் செய்யும் பிழை மற்ற எல்லாப் படிகளையும் கெடுத்துவிடும் என்பதால் இதற்கு மிகுதியான நேரம் ஒதுக்குங்கள்.

1805 வரை பிரிட்டிஷ் கடற்படைப் பதிவேடுகளில் ஒரு நாள் என்பது நள்ளிரவில் தொடங்கவில்லை, நண்பகலில் தொடங்கியது. நண்பகலில் சூரியனின் உயரத்தை அளந்து கப்பல் இருக்கும் இடத்தைக் கணித்ததும் பழைய நாள் முடிந்து புதிய நாள் பிறக்கும். எனவே பதிவேட்டில் ‘ஜூலை 6’ என்று தலைப்பிட்ட பகுதி, நம் கணக்கில் ஜூலை 5 நண்பகலில் தொடங்கி ஜூலை 6 நண்பகலில் முடிகிறது. அப்பகுதியில் பிற்பகல் முதலிலும் முற்பகல் பின்னாலும் வரும்.

நாகப்பட்டினப் போரில் இதன் விளைவைப் பாருங்கள். ஹியூஸ் நங்கூரம் எடுத்துக் கடலுக்குள் சென்றது ஜூலை 5 பிற்பகல். போர் மூண்டது ஜூலை 6 முற்பகல் ஏறக்குறைய 11 மணி. காற்று திடீரென மாறி இரு வரிசைகளும் சிதறியது நண்பகலுக்குச் சற்றுப் பின். ஆகவே நங்கூரம் எடுத்ததும் போரின் முதற்பாதியும் ‘ஜூலை 6’ என்ற தலைப்பின் கீழும், காற்று மாறியதும் அதற்குப் பின் நடந்தவையும் ‘ஜூலை 7’ என்ற தலைப்பின் கீழும் அமையும். இதை அறியாதவர்கள் இரண்டு நாள் போர் நடந்ததாக எழுதுவதையும், அதைவிட மோசமாக, 6-ஆம் தேதித் தலைப்போடு நிறுத்திக்கொண்டு போரின் மிக முக்கியமான இரண்டு மணி நேரத்தை முற்றிலும் விட்டுவிடுவதையும் பலமுறை கண்டிருக்கிறேன். தளபதியின் கடிதமோ நம்மைப் போலவே நள்ளிரவுக் கணக்கில் எழுதப்படுவது வழக்கம். அதனால் ஒரே கப்பலிலிருந்து வந்த இரண்டு தாள்கள் ஒரே நிகழ்வுக்கு இரண்டு தேதிகள் சொல்லும். பிரெஞ்சு ஏடுகளில் நாள் எங்கே தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு ஏட்டிலும் தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மணி. ஒவ்வொரு கப்பலும் அரைமணி மணற்கடிகையைத் திருப்பித் திருப்பி நேரம் கணித்தது. எனவே பதினொரு கப்பல்களின் பதிவேடுகள் ஒரே நிகழ்வுக்குப் பதினொரு நேரங்கள் தருவது இயல்பு. அவற்றைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். சராசரி நேரம் எந்தக் கப்பலுக்கும் உரியதல்ல. அதற்கு மாறாக, எல்லோரும் கண்டிருக்கக்கூடிய மூன்று நான்கு நிகழ்வுகளைத் தேர்ந்து அவற்றைக் கட்டுநேரங்களாக வையுங்கள். முதல் பீரங்கி முழக்கம், ஒரு கப்பலின் நடுமரம் வீழ்ந்தது, காற்று திரும்பியது ஆகியவை இதற்கு ஏற்றவை. பின்னர் ஒவ்வொரு கப்பலின் கடிகாரமும் கட்டுநேரத்திலிருந்து எத்தனை நிமிடம் முந்துகிறது, பிந்துகிறது என்று ஒரு பட்டியல் இட்டால் மற்றப் பதிவுகள் தாமாகவே இடம் கொள்ளும்.

தமிழில் எழுதப்பட்ட சான்றுகளைப் பயன்படுத்துவோருக்கு ஒரு தனிக் குறிப்பு. புதுச்சேரியில் இரண்டாம் வீராநாயக்கர் எழுதிய நாட்குறிப்பு 1778 முதல் 1792 வரையிலான காலத்துக்கு உரியது. அக்காலத் தமிழ்த் தேதிகளை மாற்றும்போது சித்திரை முதல் நாளை ஏப்ரல் 14 என்று கொள்ளக் கூடாது. நம் சௌர ஆண்டு சற்று நீளமானது என்பதால் அன்று சித்திரை ஏறக்குறைய நான்கு நாள் முன்னதாகவே பிறந்தது. இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டிப் பிராவிடியன் என்ற பாறைத்தீவின் அருகே நடந்த இரண்டாம் போரின் நாளான 1782 ஏப்ரல் 12, இன்றைய கணக்கில் பிலவ ஆண்டுப் பங்குனியின் கடைசி என்று தோன்றும். உண்மையில் அன்று சுபகிருது ஆண்டு பிறந்து, சித்திரையின் தொடக்க நாள்கள் நடந்துகொண்டிருந்தன.

3. கப்பலை வரையுமுன் காற்றை வரையுங்கள்

ஒவ்வொரு தாளிலும் முதற்கோடு காற்றின் அம்பாகவே இருக்க வேண்டும். பதிவேட்டில் காற்றுக்கு எழுதப்படும் பெயர் அது வரும் திசை. கப்பலுக்கு எழுதப்படுவது அது போகும் திசை. இவ்விரண்டையும் ஒரே போக்கில் வரைந்துவிடுவது தொடக்கநிலையில் எல்லோரும் செய்யும் பிழை.

அக்காலத் திசைகாட்டி வட்டத்தை 32 புள்ளிகளாகப் பிரித்தது. ஒரு புள்ளி 11¼ பாகை. பாய்மரத்துக்குக் குறுக்கான கழிகளாகிய பருமல்களில் பாய் கட்டிய பெரிய கப்பல், காற்று வரும் திசைக்கு ஆறு புள்ளிகளுக்கு, அதாவது 67½ பாகைக்கு, மேல் நெருங்கிச் செல்ல இயலாது. இரு பக்கமும் சேர்த்து வட்டத்தில் 135 பாகை அதற்கு மூடிய கதவு. கெட்டி அட்டையில் ஒரு வட்டம் வெட்டி, அந்த 135 பாகையை மட்டும் கருமையாக்கி, அதன் நடுக்கோட்டைக் காற்று வரும் திசைக்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வரையும் எந்தப் பாதையும் கருமைக்குள் விழக் கூடாது. விழுந்தால் நேரத்திலோ, காற்றிலோ, கப்பலின் பெயரிலோ எங்கோ பிழை செய்திருக்கிறீர்கள்.

இந்த அட்டை வெறும் காவல் மட்டும் அன்று, விளக்கமும் தரும். ஜூலை 6 காலை காற்று தென்மேற்கிலிருந்து வீசியது. அந்தக் காற்றைக் கூடியவரை ஒட்டிக்கொண்டு கரையைவிட்டு விலகிச் செல்லும் கப்பலின் அணியம், அதாவது முன்முனை, எங்கே நோக்கும் என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: சரியாகத் தென்தென்கிழக்கு. நண்பகலுக்குப் பின் திடீரெனப் புகுந்த கடற்காற்று வந்ததும் அதே தென்தென்கிழக்கிலிருந்துதான். அணியத்தில் மோதிய காற்று பாய்களை மரத்தோடு சேர்த்துப் பின்னுக்கு அறைந்தது. பெரும்பாலான கப்பல்கள் எதிரியைவிட்டு விலகித் திரும்ப, சில மட்டும் எதிரியின் பக்கமாகத் திரும்பின. இரு வரிசைகளும் ஏன் ஒரே சமயத்தில் கலைந்தன என்பதைப் பல பக்கம் எழுதி விளக்குவதைவிட இந்த அட்டை நன்றாகக் காட்டும். காலையில் தரைக்காற்றும் உச்சிக்குப் பின் கடற்காற்றும் வீசும் முறையை நாகைக் கரையின் மீனவர் எவரும் இன்றும் சொல்வார். ஆகவே பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே அவர்களிடம் அந்த மாதத்துக் காற்றைக் கேட்டுக்கொள்வது வீணாகாது.

காற்று வரும் பக்கத்தில் இருக்கும் அணி தாக்கும் நேரத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். அதன் புகை எதிரியின் மேல் போகும். காற்று போகும் பக்கத்தில் இருக்கும் அணிக்கோ அடிபட்ட கப்பலை எளிதாக வரிசையிலிருந்து விலக்கிவிடும் வசதி உண்டு. கடல் கொந்தளித்தாலும் எதிரியை நோக்கிய அதன் கீழ்த்தளப் பீரங்கிச் சாளரங்கள் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும். எனவே காற்று வரும் பக்கம் எப்போதும் மேலானது என்று எழுதிவிட வேண்டாம்.

4. கப்பல்களுக்குப் பெயர்ப்பட்டியல் இடுங்கள்

சஃப்ரேனின் தலைமைக் கப்பல் ஏரோ. ஹியூஸின் அணியிலோ ஹீரோ என்று ஒரு கப்பல். எழுத்திலும் பொருளிலும் ஏறக்குறைய ஒன்று. இரண்டும் 74 பீரங்கி. சஃப்ரேனிடம் அனிபால் என்ற 74 பீரங்கிக் கப்பலும், பிரிட்டிஷாரிடமிருந்து பிடிக்கப்பட்டுச் சின்ன அனிபால் என்று அழைக்கப்பட்ட 50 பீரங்கிக் கப்பலும் சேர்ந்தே இருந்தன. எனவே ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் எண் கொடுத்து, தாளில் எண்ணை மட்டும் எழுதுங்கள்.

பட்டியலில் இருப்பதாலேயே ஒரு கப்பல் போரில் இருந்ததாகிவிடாது. அஜாக்ஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் ஜூலை 5 அன்று வீசிய சூறைக்காற்றில் தன் மேல்மரங்களை இழந்து மறுநாள் வரிசையில் சேரவில்லை. அதனால்தான் பன்னிரண்டு பதினொன்றாகி, எண்ணிக்கை இரு பக்கமும் சமமாயிற்று.

5. பீரங்கிகளை எண்ணுவதோடு நிற்காமல் எடைபோடுங்கள்

‘74’ என்ற எண் இரு நாடுகளிலும் ஒன்றைக் குறிக்கவில்லை. பிரிட்டிஷ் 74-இல் வழக்கமாக 32 பவுண்டுக் குண்டு எறிவன 28, 18 பவுண்டு 28, 9 பவுண்டு 18. ஒரு பக்கத்தின் மொத்த எறிவு 781 பவுண்டு. பிரெஞ்சு 74-இல் 36 பவுண்டு 28, 18 பவுண்டு 30, 8 பவுண்டு 16. ஒரு பக்கத்துக்கு 838 பிரெஞ்சுப் பவுண்டு. பிரெஞ்சுப் பவுண்டு ஏறக்குறைய 489½ கிராம், ஆங்கிலப் பவுண்டு 453½ கிராம் என்பதால் அது சுமார் 904 ஆங்கிலப் பவுண்டுக்குச் சமம். அளவை மாற்றாமல் ஒப்பிட்டால் இடைவெளியில் பாதிக்கு மேல் மறைந்துவிடும். ஆழத்துக்கும் இதுவே விதி: ஆழத்தை அளக்கும் அலகான பாகம் ஆங்கிலக் கணக்கில் ஆறடி, பிரெஞ்சுப் பாகம் சுமார் 1.62 மீட்டர். தீர்க்கரேகை பாரிஸிலிருந்து எண்ணப்பட்டதா, கிரீனிச்சிலிருந்தா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் இடையே 2 பாகை 20 கலை உண்டு.

6. போர்வரிசையை அளவுப்படி இடுங்கள்

அச்சிட்ட படங்களில் கப்பல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பது போல இருக்கும். அது கண்ணை ஏமாற்றும். 74 பீரங்கிக் கப்பலின் தள நீளம் சுமார் 51 மீட்டர். இரண்டு கப்பல்களுக்கு நடுவே ஒரு கேபிள், அதாவது சுமார் 185 மீட்டர் இடைவெளி என்று கொண்டால், பதினொரு கப்பல் வரிசையின் நீளம் 2,400 மீட்டரைத் தாண்டும். நடுவில் நிற்கும் தளபதிக்கு வரிசையின் இரு முனைகளும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தொலைவில், வெடிமருந்துப் புகைக்கு அப்பால் இருக்கின்றன. இந்த நீளத்தைத் தாளில் உண்மை அளவில் வரைந்த பிறகே அடுத்த படி பொருள்படும்.

7. சைகைகளை இரு கண்களாலும் படியுங்கள்

ஒரு நிரலில் தளபதி எந்த நேரத்தில் எந்தக் கொடியை எந்த மரத்தில் ஏற்றினார் என்று எழுதுங்கள். அருகில் உள்ள நிரலில் ஒவ்வொரு கப்பலும் அதைக் கண்டதாகப் பதிந்த நேரத்தையும், அதற்கு அவர்கள் கொண்ட பொருளையும் எழுதுங்கள். பாய்மரக் காலத்தில் ஆணை என்பது ஏற்றப்பட்ட கொடியோடு முடியவில்லை. அது எத்தனை கப்பலுக்குத் தெரிந்தது, தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு அதன் பொருள் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது என்பதெல்லாம் அதில் அடங்கும்.

இதற்கு இரண்டு முன்மாதிரிகளை மனத்தில் வையுங்கள். 1781 செப்டம்பர் 5 அன்று அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவுக்கு வெளியே பிரிட்டிஷ் அட்மிரல் கிரேவ்ஸ் நெருங்கித் தாக்கும் சைகையை ஏற்றியபோது, வரிசையைக் காக்கும் சைகையும் பறந்துகொண்டிருந்ததாக வரிசையின் பின்பகுதிக்குத் தலைவரான ஹூட் கூறினார். அவருடைய கப்பல்கள் போரில் ஏறக்குறையப் பங்கேற்கவே இல்லை. 1782 செப்டம்பர் 3 அன்று திருகோணமலைக்கு அப்பால், கொடிச் சைகையை வலியுறுத்துவதற்காகச் சஃப்ரேன் சுடச்செய்த ஒரு பீரங்கியைப் போர் தொடங்கும் ஆணையாக எண்ணி அவருடைய கப்பல்கள் தொலைவிலிருந்தே சுடத் தொடங்கின. இவ்விரண்டிலும் கீழ்ப்படியாமை, புரியாமை, இரண்டின் கலப்பு என்ற மூன்றில் எது என்பதை இரு நிரல்களையும் பக்கத்தில் வைத்துத்தான் ஆராய முடியும்.

‘பிஸ்டல் எட்டும் தூரம்’, ‘மஸ்கெட் எட்டும் தூரம்’ என்று பதிவேடுகளில் வரும் சொற்களை மீட்டராக மாற்றி வரைய வேண்டாம். அவை எழுதியவரின் நெருக்க உணர்வைக் காட்டுமே தவிர அளவைக் காட்டா.

8. சேதத்தை இரண்டு நிரல்களாகப் பிரியுங்கள்

நாகப்பட்டினத்தில் பிரிட்டிஷ் தரப்பில் 77 பேர் இறந்து 233 பேர் காயமுற்றனர். பிரெஞ்சுத் தரப்பில் 178 பேர் இறந்து 601 பேர் காயமுற்றனர். இந்த எண்களை மட்டும் கண்டு வெற்றி யாருக்கு என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் பிரிட்டிஷார் கப்பலின் உடலை நோக்கிச் சுடுவதும், பிரெஞ்சுக்காரர் பாயையும் மரத்தையும் கயிற்றையும் நோக்கிச் சுடுவதும் அக்காலத்துப் பொதுவழக்கம். ஆகவே ஒரு நிரலில் மனிதரையும் உடலையும், மற்றொன்றில் பாய், மரம், கயிறுகளையும் எழுதுங்கள். முதல் நிரல் துயரத்தைக் காட்டும். அடுத்த நாள் யார் நகர முடியும் என்பதை இரண்டாம் நிரல் காட்டும். அன்று மாலை பிரெஞ்சுக்காரர் காரைக்காலுக்கு அப்பாலும், பிரிட்டிஷார் நாகூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையிலும் நங்கூரமிட்டு நின்றார்கள். மிக அருகில் இருந்தும் பிரிட்டிஷாரால் துரத்திப் பிடிக்க இயலவில்லை.

சரணடைந்த செய்திகளில் கூடுதல் கவனம் தேவை. காற்று மாறிய குழப்பத்தில் தனித்து விடப்பட்ட செவேர் என்ற 64 பீரங்கிக் கப்பலின் கேப்டன் சில்லார் கொடியை இறக்கினார். அவருடைய அதிகாரிகள் மறுத்துச் சண்டையைத் தொடர்ந்தார்கள். கப்பலை ஒப்படைக்குமாறு ஹியூஸ் கேட்டபோது, கொடிக்கயிறு அறுந்ததால் கொடி விழுந்தது என்று சஃப்ரேன் விடையளித்தார். ஆனால் தம் கேப்டனைப் பதவியிலிருந்து நீக்கி நாட்டுக்கு அனுப்பினார். எதிரிக்கு எழுதிய கடிதமும் தம் அணிக்குள் எடுத்த நடவடிக்கையும் முரண்படும்போது, நடவடிக்கைக்கே நான் கூடுதல் எடை கொடுக்கிறேன்.

9. இப்போது தளபதியை மதிப்பிடுங்கள்

அவருடைய கப்பலின் பின்தளத்தில் நின்று, அந்த நிமிடத்தில் அவருக்குத் தெரிந்தவற்றை மட்டும் ஒரு தாளில் வரையுங்கள். மற்றக் கப்பல்களின் பதிவேடுகளிலிருந்து நீங்கள் அறிந்தவை அந்தத் தாளில் வரக் கூடாது. இது கடினமான பயிற்சி; முடிவு தெரிந்த மனம் மீண்டும் மீண்டும் எல்லை மீறும்.

சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் 1782 பிப்ரவரி 17 அன்று நடந்த முதல் போரில் பிரிட்டிஷ் வரிசையின் பின்பகுதியை இருபுறமும் நெருக்கச் சஃப்ரேன் திட்டமிட்டார்; அவருடைய கப்பல்களில் ஒரு பகுதி நெருங்கவே இல்லை. கேப்டன்கள் மேல் அவர் வைத்த கடுமையான குற்றச்சாட்டை அப்படியே எடுத்து எழுதுவோர் பலர். அந்த அணியின் தலைவர் தோர்வ் இறந்து சஃப்ரேன் பொறுப்பேற்றது பிப்ரவரி 9. புதிய தலைவருக்கும் கேப்டன்களுக்கும் இடையே எட்டு நாள் பழக்கம்தான் இருந்தது என்பதையும் தாளில் குறித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். அவருடைய துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன். புதுச்சேரியில் அவர் பெயரில் வீதி இருப்பது தகுதியானதே. ஆனாலும் தம் எண்ணத்தை முன்கூட்டிக் கேப்டன்களின் மனத்தில் பதிக்கும் வேலையில் அவர் குறைவைத்தார் என்றே ஐந்து போர்களையும் வரைந்த பின் எனக்குத் தோன்றுகிறது.

10. போருக்குப் பின் அறுபது நாள்களையும் வரையுங்கள்

பெரும்பாலோர் பீரங்கி ஓய்ந்ததும் பென்சிலை வைத்துவிடுகிறார்கள். சோழமண்டலக் கரையில் பெரிய கப்பலைப் பாதுகாப்பாக நிறுத்தத் துறைமுகமே இல்லாத அக்காலத்தில், யார் முதலில் மரமும் கயிறும் தேடிப் புறப்படுகிறார் என்பதே போரின் பயனைத் தீர்மானித்தது. எனவே கடைசித் தாளில் ஒரு நாள்காட்டி இடுங்கள்.

கடலூருக்குத் திரும்பிய சஃப்ரேன் சிறிய ஃபிரிகேட் கப்பல்களின் மரங்களைக் கழற்றிப் பெரியவற்றுக்குப் பொருத்தி ஆகஸ்ட் 1 அன்று புறப்பட்டார். மட்டக்களப்பில் துணைக் கப்பல்களைச் சேர்த்துக்கொண்டு, ஆகஸ்ட் முடிவதற்குள் திருகோணமலைக் கோட்டைகளைக் கைப்பற்றினார். ஜூலை 20 அன்று சென்னை சேர்ந்த ஹியூஸ் ஆகஸ்ட் 20 அன்றுதான் புறப்பட்டார். சென்னையிலிருந்து திருகோணமலை சுமார் 280 கடல் மைல். ஐந்து நாட், அதாவது மணிக்கு ஐந்து கடல் மைல், வேகத்தில் இரண்டரை நாளுக்குள் முடியும் பயணம். அவருக்குப் பதின்மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் படியில் வெட்டிய அட்டையை எடுத்து, ஆகஸ்ட் மாதத் தென்மேற்குக் காற்றுக்கு நேராக வைத்து, சென்னையிலிருந்து தெற்கு நோக்கி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு கருமைக்குள் விழும். செப்டம்பர் 2 அன்று ஹியூஸ் திருகோணமலைக்கு முன் வந்தபோது கோட்டையின் மேல் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது.